நைனாவின் முகம் கறுத்த மழைக்காலம்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி படம் போட்டிருந்தாளே, பார்த்தீர்கள்தானே? பின்னால் மலை, புறவழிச்சாலை ஓரமாக இடுப்பளவு உயரத்துக்கு வெள்ளைப் பூக்காடு, நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள். ஆளாளுக்கு ஆகா ஓகோ என்றீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. என்ன கோபம் என்று மறுநாள் கேட்டீர்கள். கோபம்தான். அறுபதை நெருங்கும் பொம்பளை ஒரு களைச்செடியின் மேல் கோபப்படுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

நீங்கள் எல்லாரும் என் வீட்டுக்கு வந்தவர்கள். என் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். என் நைனாவைப் பற்றி மட்டும் ஒருத்தியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது உங்கள் நல்ல மனசு. ஆனால் உங்கள் வீடுகளில் பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் என் அம்மாவும் நம்பினாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அவருக்கு நாற்பது வயசு இருக்கும். மாநிறம், அளவான மீசை. பேரழகன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் தன் முகத்தின் மேல் அவருக்குத் தனி ஆசை உண்டு. சட்டைப் பையில் ஒரு வட்டக் கண்ணாடி வைத்திருப்பார். பின்பக்கம் மயில் படம் போட்டது, தீபத் திருவிழாக் கடையில் வாங்கியது. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அதை எடுத்து மீசையை ஒதுக்கிக்கொள்வார்.

"மல்லாட்டைக்குக் களை எடுக்கப் போறதுக்கு மாப்பிள்ளை சிங்காரத்தைப் பாரு" என்பாள் அம்மா. எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

"செடி என் மூஞ்சியப் பாத்துதான்டி காய்க்குது" என்பார் நைனா. அம்மா முறைப்பாள், பிறகு சிரித்துவிடுவாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்துக்கொண்டது எனக்கு அந்த ஆனி மாதம் வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது.

வீடு தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். நிலம் ரயில்வே கேட்டைத் தாண்டி, கீழ்பென்னாத்தூர் போகும் ரோட்டில். அந்த வெள்ளைப்பூச் செடியை முதலில் தண்டவாளத்து ஓரத்தில்தான் பார்த்தோம். இரண்டு மழை பெய்வதற்குள் எங்கள் வரப்புக்கு வந்துவிட்டது. இலை கொத்துமல்லி இலையைவிடக் கொஞ்சம் பெரிசு. நுனியில் கொத்துக் கொத்தாகக் குட்டிப் பூ. மாடு அதில் வாய் வைக்காது. களையெடுக்க வந்த பெண்கள் "இத்தத் தொட்டா கையெல்லாம் அரிக்குதுங்க" என்று அதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். நைனா சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வெறும் உடம்போடு அவரே பிடுங்கிக் குவித்தார். காய்ந்த குவியலைத் தட்டி உதறி நெருப்பு வைத்ததும் அவர்தான்.

ஆடியில் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் நைனா கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்தார். இமை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. தூசி விழுந்திருக்கும் என்றாள் அம்மா. ஒரு வாரத்தில் அரிப்பு கழுத்துக்கு இறங்கியது, பிறகு காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில். சொறிந்து சொறிந்து சிவந்த இடமெல்லாம் பழுப்பாகி, ஆவணி முடிவதற்குள் கறுத்துப் போனது. வெயிலில் கறுப்பது வேறு, இது வேறு. தோல் தடித்துவிட்டது. நெற்றிக் கோடுகள் ஆழமாக விழுந்தன. காது மடல் கனத்துத் தொங்கியது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் பழைய செருப்புத் தோலைத் தொடுவதுபோல் இருக்கும். முகத்தில் வெள்ளையாக இருந்தது கண் மட்டும்தான், அதுவும் பாதி நேரம் சிவந்திருக்கும்.

குப்பைமேனி அரைத்துப் பூசினார்கள். மருந்துக் கடையில் ரோஸ் கலரில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார்கள். அதைத் தடவினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி காய்ந்து, பேசும்போது பொருக்குப் பொருக்காக உதிரும். சந்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். நைனா என்னைப் பார்த்துவிட்டார். உள்ளே போய்விட்டார்.

அவர் வழக்கமாகப் போகும் சவரக் கடையில் ஒருநாள் நானும் கூட இருந்தேன். கத்தி பட்ட இடமெல்லாம் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு, பெஞ்சியில் இருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒங்க வூட்டாண்டயே வந்து செஞ்சிட்டுப் போறேனே" என்றார். பாதி சவரத்தோடு நைனா எழுந்து வந்தார். கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அதன் பிறகு நைனா தாடியோடுதான் இருந்தார்.

ஊரில் பெருவியாதி, அதாவது குஷ்டம், என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அம்மா அழுதுகொண்டே அவரை ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள், நானும் போனேன். டாக்டர் நைனாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் முகத்தில் அங்கங்கே தொட்டார். "நெத்தி... காது... மூக்குக்குப் பக்கத்துல" என்று ஒன்றுவிடாமல் சரியாகச் சொன்னார் நைனா. "உணர்ச்சியெல்லாம் நல்லா இருக்கு. பெருவியாதி இல்லம்மா" என்றார் டாக்டர். அம்மா அந்த இடத்திலேயே மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் படி இறங்குகிற வரைக்கும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார். அது எதுக்கு என்று அம்மா கம்பவுண்டரைக் கேட்டாள். "அதெல்லாம் பொம்பளைங்ககிட்ட சொல்றதுக்கில்லம்மா. ஆம்பளைங்களுக்குப் பாக்கறதுதான்" என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் முகம் மாறியது. வீடு வரைக்கும் அவள் நைனாவுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்து வந்தாள்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. சீட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார் நைனா.

"ஆம்பளைங்க எழுதிக் குடுக்கறது ஆம்பளைக்குத் தோதாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

அவளிடம் காரணம் இருந்தது, கேளுங்கள். எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலக்காரருக்கும், தண்டவாளத்து ஓரம் மாடு மேய்ப்பவருக்கும் அதே மாதிரி முகம் கறுத்திருந்தது. "மூணு பேரும் ஆம்பளை. ஒரு பொம்பளைக்கும் வரல. மூணு பேரும் ஒன்னா எங்கியோ போய் வாங்கிக்கினு வந்திருக்காங்க. இது இன்னா வியாதின்னு எனக்குத் தெரியாதா?" என்று பெரியம்மாவிடம் கிசுகிசுத்தாள். மூன்று பேரும் ஒன்றாக எங்கே போனார்கள்? தண்டவாளத்து ஓரத்துக்கு, தினமும். எல்லார் கண்ணுக்கும் எதிரேதான் போனார்கள்.

புரட்டாசியில் நைனா மெட்ராஸ் போனார். அவருடைய பால்ய நண்பர் ஒருவர் அங்கே மரம் விற்கும் மரவாடி வைத்திருந்தார். அங்கே தங்கிக்கொண்டு பெரிய டாக்டர் யாரிடமாவது காட்டலாம் என்று ஏற்பாடு. ஒரு மாசம் இருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து எனக்கு யாரோ என்றிருந்தது. கறுப்பு உரிந்து பழைய மாநிறம் வந்திருந்தது. சுத்தமாகச் சவரம் செய்திருந்தார். மயில் கண்ணாடி மறுபடியும் சட்டைப் பையில் இருந்தது.

"டாக்டர் களிம்பு குடுத்தாரு. அத்த முழுசாக்கூடப் பூசல, தன்னால உரிஞ்சிடுச்சி" என்றார் எல்லாரிடமும். அண்ணாமலையார் கண் திறந்துவிட்டார் என்றது சந்து. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

தீபாவளி முடிந்து நிலத்துக்குப் போக ஆரம்பித்தார். பத்தே நாள். இமை வீங்கியது, கழுத்து சிவந்தது, முகம் பழையபடி கறுத்தது. அன்றைக்கு அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"பட்டணத்துல இருந்தா பளபளன்னு இருக்கு. நம்ம வூட்டுக்கு வந்தா கறுத்துப் போவுது. அங்க இருக்கிறவ நல்லா பாத்துக்கறா போல."

"அங்க யாருடி இருக்கா? மரமும் நானும்தான் இருக்கோம்."

"மரம்தான் மூஞ்சியத் தொடச்சி விட்டுச்சாங்க?"

"அந்த மலை மேல சத்தியமா சொல்றேன், யாரும் இல்ல."

"மலையை இழுக்காதீங்க. அது வாயத் தொறந்து பேசாது" என்றாள் அம்மா.

நைனா சாப்பிடாமல் எழுந்து போனார். அந்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் எல்லாமே இருந்தது. ஊருக்கு வந்தால் கறுக்கிறது, வெளியே போனால் தெளிகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தியைத் தேடினாள் என் அம்மா. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். படித்த டாக்டருக்கே அன்றைக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பெரியப்பா வந்து உட்கார்ந்தார். நைனாவின் அண்ணன், எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"டேய், நான் சொல்றனேன்னு மனசுல வெச்சிக்காத. உன் மூஞ்சியப் பாத்தா, பொண்ணுக்கும் வரும்னு பயப்படுவாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் நீ பம்ப்செட் ரூம்ல இருந்துக்கோ. வடக்கால வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம். தாரை வாக்கறதுக்கு நானும் உன் அண்ணியும் உக்காந்துக்கறோம்."

அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று நைனா அவளையே பார்த்தார். அவள் முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என் பொண்ணு நல்லா இருந்தா சரி" என்று சொல்லி நைனா அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

பம்ப்செட் அறை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமா? நிலத்துக்கு நடுவில். நாலு பக்கமும் அந்தச் செடி ஜன்னல் உயரத்துக்கு நின்றது. யாரும் பார்க்கக் கூடாது என்று அவரைக் கொண்டுபோய் அந்த விஷத்துக்கு நடுவிலேயே வைத்தோம்.

பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குச் சட்டியில் சாப்பாடு எடுத்துப் போவது என் வேலை. உள்ளே மோட்டார் எண்ணெய் வாடை, ஒரு கயிற்றுக் கட்டில், ஆணியில் மாட்டிய மயில் கண்ணாடி. கண்ணாடிப் பக்கம் சுவரைப் பார்த்திருக்கும், மயில்தான் வெளியே தெரியும். முதல் நாள் அந்த வெறும் அறையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் அன்றைக்குச் சிரித்த என்னை நைனா நினைத்துக்கொண்டிருப்பார் என்று வேறு தோன்றியது. ஏதாவது செய்யணும் போல் இருந்தது. வெளியே போய்க் கைநிறைய வெள்ளைப் பூ பறித்து, வாழை நாரில் கொத்தாகக் கட்டி, கட்டிலுக்கு மேலே இருந்த கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டேன்.

"இன்னாம்மா இது? கல்யாண வூடு மாதிரி பண்ணிட்ட" என்றார்.

"அக்கா கல்யாணத்துக்கு ஒனக்கு இங்கதான் பந்தல், நைனா."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத் தினமும் புதுசு கட்டினேன். காய்ந்ததைத் தூக்கிப் போட மனசில்லாமல், ஒரு பழைய துணிப்பையில் அடைத்து வாயைத் தைத்துத் தலையணை செய்து கொடுத்தேன். "பஞ்சு தலகாணி கெட்டுது போ" என்று அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு, முகம் புதைத்துப் படுத்துக் காட்டினார்.

பதினைந்து நாளில் அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. முகம் வீங்கி வெடித்து நீர் வடிந்தது. அக்காவுக்கு எடுத்த புடவை என்ன கலர், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே என்னிடம் கேட்பார். நான் பூவை இன்னும் நெருக்கமாகக் கட்டினேன்.

தையில் கல்யாணம். சத்திரத்தில் மேடை மேல் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். புருஷன் இல்லாமல் தனியாக உட்கார முடியாது என்பதால் அம்மா கீழே நின்றாள். அதையும் நைனா கணக்கில்தான் எழுதிக்கொண்டாள். தாலி ஏறின பிறகு அக்கா என் கையைப் பிடித்து, "நைனா எங்கடி?" என்றாள். நான் சமையல் கட்டுப் பக்கம் இட்டுப் போனேன். அடுப்புகளுக்கு அப்பால், விறகு அடுக்கியிருந்த இடத்தில், என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அக்கா காலில் விழுந்தாள். தலையைத் தொடக் கையை நீட்டியவர் பாதியில் இழுத்துக்கொண்டார். அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "ஒட்டிக்கும்மா, போ" என்றார் அவர். ஒட்டுகிற வியாதியே இல்லை அது. ஆனால் அவரும் நம்பிவிட்டார்.

அந்த வாரமே நைனா மெட்ராஸ் போய்விட்டார். மரவாடியில் மரம் இறக்குகிற வேலை. முகம் தெளிந்தது. இரண்டு தரம் தீபத்துக்கு ஊருக்கு வந்தார். இரண்டு தரமும் கறுத்துக்கொண்டு திரும்பினார். பிறகு வருவதை விட்டுவிட்டார். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு முறை போய்ப் பார்த்தேன். மரவாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு டம்ளர். எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் சட்டியிலேயே சாப்பிட்டார். "அம்மா வரலியா?" என்று மூன்று தரம் கேட்டார். மயில் கண்ணாடியைக் காணோம். கேட்டதற்கு, எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார்.

"ஒரே ஒரு தட்டுதாம்மா இருந்துச்சி" என்று அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"நீ வர்றேன்னு இன்னொன்ன ஒளிச்சி வெச்சிருப்பாரு" என்றாள்.

நைனா அங்கேயே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அம்மா வந்தாள். அழவில்லை. வந்திருந்த கூட்டத்தில் ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்களைத் தவிர வேறு யாரும் இல்லை. மரம் இறக்குகிற ஆட்கள்தான் ஓரமாக நின்று அழுதார்கள். திரும்பி வரும்போது, "வரலடி. என்னைப் பாக்க பயந்துட்டா" என்றாள் என் காதோடு.

இவ்வளவும் பழைய கதை. போன ஐப்பசியில் என் கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்த மங்குக்காக வேலூரில் ஒரு தோல் டாக்டரிடம் போயிருந்தேன். பெஞ்சியில் எனக்குப் பக்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர். துண்டு விலகியதும் பார்த்தேன். என் நைனாவின் முகம். அதே நெற்றிக் கோடு, அதே காது, அதே கறுப்பு. கதவு சரியாகச் சாத்தாத அறைக்குள் டாக்டர் அவரிடம் பேசியது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது.

"வெயிலால மட்டும் கறுத்தா கண் இமையும் தாடைக்குக் கீழயும் தப்பிச்சிடும். உங்களுக்கு அங்கதான் ஜாஸ்தி. இது காத்துல பறந்து வர்ற தூளால வர்ற அலர்ஜி. உங்க நிலத்துல இந்தச் செடி இருக்கா பாருங்க. பார்த்தீனியம்."

"வரப்பெல்லாம் இதானுங்க."

"காஞ்ச செடியக்கூடத் தொடாதீங்க. அதான் இன்னும் மோசம். கொஞ்ச நாள் வெளியூர்ல இருந்தா தெளியும். ஊருக்கு வந்தா திரும்ப வரும்."

"ஆம்பளைங்களுக்குத்தான் வருதுன்னு ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்க டாக்டர்..."

"பொம்பளைங்களுக்கும் வரும். ஆம்பளைங்களுக்கு ஜாஸ்தி, அவ்ளோதான். ஒட்டாது. கெட்ட பழக்கத்தாலயும் வராது. உங்க வீட்டம்மாவ அடுத்த தரம் கூட்டிக்கினு வாங்க, நான் சொல்றேன்."

என் முறை வந்தபோது நான் உள்ளே போகவில்லை. பஸ் ஏறிவிட்டேன். காய்ந்ததுதான் இன்னும் மோசம் என்ற வார்த்தை வழியெல்லாம் கூடவே வந்தது. ஒரு சின்னப் பெண் ஆசை ஆசையாகத் தைத்த தலையணை. அதில் முகம் புதைத்துக்கொண்டு படுத்தார் என் நைனா.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செடி, காற்று, தூள், வெளியூர் போனால் தெளிவது, ஊருக்கு வந்தால் கறுப்பது. போனில் அந்தச் செடியின் படத்தைக் காட்டினேன். நம் தோழி போட்ட படத்தில் இருக்கிறதே, அதே பூ. அம்மா வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அங்க எவளும் இல்லியா?"

"இல்லம்மா."

"இத்தினி வருசமா இல்லாத ஒருத்தியைத் திட்டிக்கினு கெடந்தேனா?" என்றாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. "அப்ப அந்த மனுசனுக்கு யாருடி சோறு ஆக்கிப் போட்டது?"

எனக்குத் தலையணையைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வாய் வரவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

"அவரேதாம்மா ஆக்கிக்கிட்டாரு" என்றேன்.

அம்மா போனைத் தள்ளி வைத்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீ ஒரு தட்டுன்னு வந்து சொன்னியே. நெசமாவே ஒன்னுதானா?"

"ஒன்னுதாம்மா."